ஃபார்மட் வேண்டாம்

இந்திராணி வீட்டுக் கணினிக்கு ஒரு குறையும் இல்லை, வேலை செய்யவில்லை என்பதைத் தவிர. திரை பளிச்சென்று வந்தது. மௌஸ் சொன்ன இடத்துக்குப் போனது. ஆனால் பக்கத்துக் கொட்டகையில் இருந்த தறிகள் அத்தனையும் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு நின்றன. ஆந்திர எல்லையோரத்து ஊரான நகரியில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை யாராவது போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இந்த வீடு மட்டும் ஊமையாகக் கிடந்ததால் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "இன்னாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என்ன ஆச்சு என்று கண்டுபிடிக்கத்தான் குமுதவல்லி திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். தறிகளுக்குக் கணினி பொருத்தித் தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஆபீசில் உட்கார்ந்து போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளை இந்த வருஷம்தான் வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். பிடிவாதக்காரி. சின்ன வயதில் தலையில் சிக்கு விழுந்தால் கத்தரிக்கோலைக் கிட்டே விடமாட்டாள், உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பிரிப்பாள் என்று அவள் அம்மா இன்றைக்கும் அலுத்துக்கொள்வாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தபோது ஒரு வாசலில் வாழைமரமும் கல்யாண மேளமும், அதற்கு எதிர்வாசலில் வேப்பிலை கட்டிய கூழ்ப்பானையும் பார்த்தாள். இந்த எல்லைப்புறத்தில் ஒரே வானத்தின் கீழ் இரண்டு மாதம் நடக்கும். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் கழிந்து ஸ்ராவணம் பிறந்தாயிற்று. கல்யாணம், கிரகப்பிரவேசம், கடை திறப்பு எல்லாம் தடபுடலாக நடக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கோ இன்னும் ஆடி. அம்மனுக்குக் கூழ் ஊற்றலாம், புதிதாக ஒரு காரியம் தொடங்கக்கூடாது. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. கூழையும் குடித்துவிட்டு எதிர்வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிட்டு வருவார்கள்.

"வாம்மா, வா. காத்தாலேருந்து தல சுத்துது," என்று ஜெயச்சந்திரன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தறிகளின் சொந்தக்காரர், இந்திராணியின் கணவர். "புது மிஷினு. போட்டு ஒரு வாரம் கூட ஆவல. நேத்து வரைக்கும் ஜோரா ஓடிக்கினு இருந்துச்சி. இன்னிக்கி ஆன் பண்ணா, தறிக்கு ஒரு சேதியும் போவல."

சேதி போகாதது உண்மைதான். எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது கணினி. அதற்குள்ளும் சொல்கிற வேலையைச் செய்வது திரையில் முகமே காட்டாத ஒரு புரோகிராம். சர்வீஸ் என்பார்கள். கணினி விழிக்கும்போது அதுவும் விழித்துக்கொண்டு, பின்னால் எங்கோ உட்கார்ந்து தன்பாட்டுக்கு வேலை பார்க்க வேண்டும். சமையல்காரர் மாதிரி. பந்தியில் அவரை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவர் வரவில்லை என்றால் இலையில் ஒன்றும் விழாது.

குமுதவல்லி சர்வீஸை ஸ்டார்ட் செய்து பார்த்தாள். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடியது. பிறகு, தொடங்கியது, நின்றுவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து சொன்னது. ஏன் நின்றது என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. கணினிகளுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு, செத்துப்போனதை மட்டும் சொல்லும், எதனால் என்று சொல்லாது.

"பரவாயில்ல, பார்க்கலாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கணினியை அணைத்துப் போட்டாள். அதே பெட்டி. சர்வீஸ் எந்தக் கணக்கின் பேரில் ஓடுகிறது, அதன் பாஸ்வேர்டு மாறிவிட்டதா என்று பார்த்தாள். மாறவில்லை. வைரஸ் தடுக்கும் புரோகிராம் இதைத் திருடன் என்று நினைத்துக் கழுத்தைப் பிடிக்கிறதா என்று அதைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்தாள். தறிக்குப் போகும் ஒயர்களைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள். இது எழுவதற்கு முன்னால் எழ வேண்டிய வேறு இரண்டு சர்வீஸ்களும் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்திருந்தன. இது மட்டும் எழுந்த வேகத்தில் விழுந்தது.

இந்திராணி அறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கணினியில் உட்கார்ந்து டிசைன் போடுகிறவர் அவர்தான். நாற்பதைத் தொட்ட வயது. தூக்கம் போதாத கண். ஸ்டார்ட் பொத்தானில் குமுதவல்லி கை வைக்கும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. வேண்டிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

இதற்குள் ஜெயச்சந்திரனின் போன் இரண்டு முறை கத்திவிட்டது. சித்தூர் ஜவுளிக்கடை சீனு. ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணா, ஸ்ராவணம் வச்சேசிந்தி. பெள்ளிவாள்ளு ஷாப்லோ கூர்ச்சுன்னாரு," என்று சீனு கெஞ்சலும் மிரட்டலுமாகக் கொட்டினார்.

"ஸ்ராவணம் வந்துடுச்சாம். கல்யாணக்காரங்க கடையில வந்து குந்திக்கினு கீறாங்களாம்," என்று ஜெயச்சந்திரன் குமுதவல்லிக்குத் தமிழில் சொன்னார், அவளுக்குத் தெலுங்கு தெரியாது என்பது போல. "சாயந்தரத்துக்குள்ள தறி ஓடலன்னா அந்தாளு வேற வீட்டுக்குப் பூடுவான்."

அடுத்த போன் அவளுக்கு. ஆபீஸ் முதலாளி கோபிகிருஷ்ணன்.

"ஏமைந்தி குமுதா, என்னாச்சு? இன்னுமா பார்த்துட்டு இருக்க?"

"சர்வீஸ் விழுந்துண்டே இருக்கு சார். காரணம் தெரியல. கொஞ்சம் டைம் கொடுங்க."

"காரணத்தைக் கண்டுபிடிச்சு மாலை போடப்போறியா? ஃபார்மட் அடிச்சுடு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா ஒரு மணி நேரத்துல ஓடும். கிஷோர் புத்தூர்ல இருக்கான். டிஸ்க் எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். மதியம் வந்துடுவான். அதுக்குள்ள உன்னால முடிஞ்சா பாரு."

போனை வைத்தபோது குமுதவல்லிக்கு முகம் சிவந்தது. ஃபார்மட் என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாது. வயிற்றுவலி என்று வந்தவனுக்கு வைத்தியம் பார்க்காமல் கருமாதி பண்ணுகிற வேலை அது என்பாள்.

"ஃபார்மட்னு சொன்னாரே," என்று முதல் தடவையாக இந்திராணி வாயைத் திறந்தார். "அப்ப என் டிசைனு?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்லக்கா?"

"அத உங்க கம்பெனிதான எக்ஸ்சேஞ்சுல வாங்கிக்கினு போச்சி. எல்லாத்தையும் இதுல ஏத்திட்டுத்தான் குடுத்தேன்."

கொண்டுபோன பழைய கணினியை அன்றைக்கே சுத்தமாகத் துடைத்து வேறு யாருக்கோ விற்றாயிற்று என்பது குமுதவல்லிக்குத் தெரியும்.

"என்னென்ன டிசைன்க்கா?"

இந்திராணி மூலையிலிருந்து நகர்ந்து வந்தார். சொல்லச் சொல்ல அவர் கைகள் காற்றில் வரைந்தன. மாங்காயும் மயிலும் எல்லாரும் போடுகிறார்கள், அவர் போட்டது வேறு. கொல்லைப்புறப் புளியமரத்துக் காய்கள் கோணல்மாணலாகத் தொங்குவதை ஒரு பார்டராக வரைந்திருந்தார். ரயில் கேட்டில் நிற்கும்போது பார்த்த கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை ஒரு முந்தி முழுக்க ஓடவிட்டிருந்தார். மழை விட்ட பிறகு துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கும் துளிகள் ஒரு புட்டா. வீட்டு வேலை முடிந்து, தறி வேலை முடிந்து, மிஞ்சிய நேரத்தில் கட்டம் கட்டமாக வருஷக்கணக்கில் போட்டவை. ஒன்றைக்கூட இன்னும் நெய்ததில்லை. நல்ல நூல் வரட்டும், நல்ல நாள் வரட்டும் என்று எடுத்து எடுத்து வைத்திருந்தார்.

"திரும்பப் போட்டுக்கலாம் இந்திரா," என்றார் ஜெயச்சந்திரன். கெட்டவர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். "ஃபார்மட் பண்ணா கம்பெனி குடுக்கிற மாங்கா பார்டர் எல்லாம் வந்துடும். சீனுக்கு அது போதும். இப்ப தறி ஓடணும்."

"திரும்பவா?" என்று இந்திராணி கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு அங்கிருந்து எழுந்து போக குமுதவல்லிக்கு மனசில்லை. மதியத்துக்குள் கண்டுபிடிக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

பின்னால் ஒளிந்து ஓடுகிற ஆள் பேசமாட்டேன் என்றால் முன்னால் இழுத்து வந்து பேச வைக்க வேண்டும். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, சர்வீஸுக்குள் இருக்கும் புரோகிராமைக் கையாலேயே ஓட்டினாள். அது ஒரே ஒரு எண்ணைத் துப்பிவிட்டு நின்றது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, மென்பொருளைச் செய்த பெங்களூர்க்காரர்களுக்குப் போன் போட்டாள். பாட்டுக் கேட்டபடி காத்திருந்து, மூன்று பேரிடம் கை மாறி, கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்தார்.

"அது லைசென்ஸ் சாவியை ஏத்துக்கலைன்னு அர்த்தம் மேடம்," என்றார். "ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க."

"பண்ணினா பழைய டிசைன் எல்லாம் திறக்குமா?"

"திறக்காது. டிசைன் எல்லாம் அந்தச் சாவியாலதான் பூட்டியிருக்கும். சாவி மாறினா பூட்டும் போச்சு. இன்னொண்ணு மேடம், சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. இத்தனை தடவைக்கு மேல போனா பழைய சாவி தானாவே அழிஞ்சிடும்."

"எத்தனை தடவை?"

"அது சொல்லமாட்டாங்க மேடம். திருட்டுக்காக வெச்சது."

காலையிலிருந்து எத்தனை முறை ஸ்டார்ட் பண்ணினோம் என்று நினைத்துப் பார்த்தவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். வேண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் எதிரிலேயே, அவர் டிசைன்களின் கழுத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! இனி ஒரே ஒரு தடவை, அதுவும் காரணம் தெரிந்த பிறகு, என்று முடிவு செய்தாள்.

முதலில் பூட்டிய பெட்டியையாவது காப்பாற்றி வைப்போம் என்று டிசைன்கள் இருந்த கோப்பைத் தன் பென்டிரைவில் நகல் எடுத்தாள். சாவி இல்லாமல் பெட்டி உதவாது. இருந்தாலும் கையில் இருக்கட்டும். நகல் ஏறி முடிந்ததும் அதன் விவரம் திரையில் வந்தது. பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி.

ஆகஸ்ட் இருபத்து மூன்று.

குமுதவல்லி திரையின் ஓரத்தைப் பார்த்தாள். இன்றைய தேதி ஆகஸ்ட் எட்டு என்று சரியாகவே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இன்னும் வராத ஒரு நாளில் யாரோ இந்தக் கணினியில் உட்கார்ந்து டிசைன் சேமித்திருந்தார்கள்!

"அண்ணா, இதுல தேதியை யாராவது மாத்தினீங்களா?"

"மாத்தல, சரி பண்ணேன்," என்றார் ஜெயச்சந்திரன், கொஞ்சம் பெருமையாக. "நேத்து சாயந்தரம் சரக்கு அனுப்பறதுக்கு பில்லு போடலாம்னு குந்தினேன். ஒரு வெப்சைட்டும் தொறக்கல. இன்னாடான்னு பாத்தா தேதி எங்கியோ இருவத்தி மூணுல கீது. சரியா வெச்சிட்டு, பில்லு போட்டு, ஆஃப் பண்ணிட்டுப் படுத்தேன்."

கிடைத்துவிட்டது. குமுதவல்லிக்கு நாற்காலியிலேயே உடம்பு நிமிர்ந்தது. அந்தப் புரோகிராம் வருஷ வாடகைக்கு விடப்படுவது. வாடகை முடிகிற சமயத்தில் யாரும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து ஓசியில் ஓட்டிவிடக்கூடாது என்று, கடைசியாகப் பார்த்த தேதியை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை விழிக்கும்போது கடிகாரம் அதற்குப் பின்னால் இருந்தால் இங்கே திருட்டு நடக்கிறது என்று கதவைச் சாத்திவிடும். இருபத்து மூன்றைப் பார்த்துவிட்டுத் தூங்கிய புரோகிராம் எட்டாம் தேதியில் விழித்தால் என்ன செய்யும்? திருடனுக்கு வைத்த பூட்டில் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டிருந்தார்.

பெங்களூர்க்காரர் சொன்னதையும் சேர்த்து இதை அவள் இரண்டு பேருக்கும் விளக்கினாள். "தேதியை இருபத்து நாலுன்னு முன்னால வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா எழுந்துடும் அண்ணா. கம்பெனியில சொல்லி அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

ஜெயச்சந்திரனுக்குக் கோபம் வேறு பக்கம் பாய்ந்தது. "அப்போ மொதல்ல தப்பான தேதி வெச்சது யாரு? மாட்டிக் குடுத்தானே உங்க கிஷோரு, அவந்தான? தேதி கூட ஒழுங்கா வெக்கத் தெரியாதவன இன்னாத்துக்கு அனுப்பறீங்க?"

குமுதவல்லி கடிகாரத்தின் அமைப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இணையத்தைப் பார்த்து நேரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் பொத்தான் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணா, நேத்து நீங்க இந்தப் பொத்தானைத் தொட்டீங்களா?"

"அது எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது. தேதிய மட்டுந்தான் மாத்தனேன்."

கிஷோர் எப்போதும் அதைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். அதைத் தேடிப் பிடித்து அணைத்தவர் இந்தக் கணினியை நன்றாகத் தெரிந்தவர், தேதி தானாகத் திரும்பி வந்துவிடக்கூடாது என்று நினைத்தவர். இந்த வீட்டில் கணினி தெரிந்த ஆள் ஒருவர்தான். குமுதவல்லி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இந்திராணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு வாரம் கூட ஆகாத புது மிஷின், அதுவும் ஆடி மாதம். குமுதவல்லியின் தகப்பனார் திருமலைக் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு ஊசி கூட வாங்கமாட்டார்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்றால் ஆவணி பிறந்துவிட்டது என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததை வாய்விட்டுச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. அது அவள் சொல்லவேண்டிய விஷயம் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது. கிஷோர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். "என்ன குமுதா, முடியலையா? தள்ளு, நான் அடிச்சுடறேன்."

"இந்தாப்பா, நீதான?" என்று ஜெயச்சந்திரன் அவன்மேல் பாய்ந்தார். "தப்பான தேதிய வெச்சிக் குடுத்துட்டுப் போனவன் நீதான?"

"நான் வெச்சுட்டுப் போகும்போது தேதி கரெக்டா இருந்துச்சு அண்ணா. பூஜை போட்டுட்டு நாங்களே ஸ்டார்ட் பண்ணிக்கறோம்னு சொன்னீங்க, கிளம்பிட்டேன்."

"பொய் சொல்றான் பாரு! இரு, உங்க மொதலாளிகிட்டயே கேக்கறேன்." போனை எடுத்தவர் குமுதவல்லி பக்கம் திரும்பினார். "நீயும் ஒண்ணும் பண்ணாத. தப்பான தேதி வெச்சித்தான் இவ்ளோ கூத்து. மறுபடியும் தப்பான தேதியா வெக்கப் போற? அந்தப் பெங்களூர்க்காரன்தான் சொன்னானே, இன்னொரு தபா தப்பாச்சின்னா சாவியே பூடும்னு. வம்பே வேணாம். ஃபார்மட் பண்ணிடுங்க."

கிஷோர் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தான்.

குமுதவல்லி எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாவி போகாதுண்ணா, சரியான தேதி தெரிஞ்சா. கோப்புல இருபத்து மூணுன்னு இருக்கு. ஆனா அதுக்கும் மேல எப்பவாவது கடிகாரம் போயிருந்தா இருபத்து நாலு போதாது. போச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சவங்க சொன்னாப் போதும், ஒரே தடவையில எழுப்பிடுவேன்."

யாரிடமும் கேட்காத மாதிரி, திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கோபிகிருஷ்ணன் போனை எடுத்துவிட்டார் போலிருக்கிறது, ஜெயச்சந்திரன் கையிலிருந்து "ஹலோ, செப்பண்டி" என்று குரல் வந்தது.

"மாமா, போனை வையி," என்றார் இந்திராணி. "அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. தேதிய நான்தான் தள்ளி வெச்சேன்."

"நீயா?"

"ஆவணி மொதப் பொதங்கெழம. இருவதாந் தேதி. அதுல வெச்சித்தான் மொத மொத ஸ்டார்ட் பண்ணேன். அப்பால அது பாட்டுக்கு நாள் ஓடிக்கினு வந்துது. அதுக்கு மேல ஒருநாள் கூட நான் தள்ளலம்மா, சத்தியமா."

ஜெயச்சந்திரன் வாயைத் திறந்தபடி நின்றார். "இன்னாத்துக்குடி?"

"இன்னாத்துக்கா? சீனு ஸ்ராவணம் ஸ்ராவணம்னு நிக்கறான். உனக்கு வியாபாரம், நீ ஆரம்பிக்கணும்ன. எனக்கு ஆடி. நான் இத்தினி வருசமா போட்டது அத்தனையும் அதுக்குள்ள ஏத்தப் போறேன், ஆடியில எப்பிடி ஏத்துவேன்? ஏதாவது ஆயிடுச்சின்னா? அதான் மிஷினுக்கு மட்டும் ஆவணின்னு வெச்சேன். ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் வெச்சேன்." குரல் உடைந்தது. "அதுவே இப்பிடிக் கழுத்தறுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா சிரிச்சிருப்ப."

ஜெயச்சந்திரன் யோசித்தார். "சிரிச்சித்தான் இருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆனால் இப்போது சிரிக்கவில்லை. மனைவி அழுது அவர் பார்த்து வெகுநாளாகியிருக்க வேண்டும், என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் இருந்த டிஸ்க்கை எடுத்துக் கிஷோர் கையில் திணித்தார்.

"நீ வெளிய குந்து தம்பி. காபி வரும். சும்மா உன்னத் திட்டிட்டேன், மனசுல வெச்சிக்காத."

குமுதவல்லி தேதியை ஆகஸ்ட் இருபத்து நாலு என்று மாற்றினாள். தானாகத் திரும்பி ஓடிவராதபடி அந்தப் பொத்தான் அணைந்தே இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். இன்னும் எத்தனை தடவை மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மிச்சமே இல்லாமலும் இருக்கலாம். மௌஸை இந்திராணி பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே அழுத்துங்கக்கா."

"நானா? வேணாம்மா. என் கை பட்டுத்தான இவ்ளோவும்."

"உங்க டிசைன்க்கா. சரியான தேதியைச் சொன்னதும் நீங்கதான். அழுத்துங்க."

இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மௌஸைப் பிடித்தார். அழுத்தினார். பச்சைக் கோடு கிளம்பியது. காலையில் எந்த இடத்தில் நின்று நின்று விழுந்ததோ அந்த இடத்துக்கு வந்ததும் மூன்று பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள். கோடு அந்த இடத்தைத் தாண்டியது. கடைசி வரை போனது. சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் காட்டியது.

நின்றது என்ற பெட்டி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. இந்திராணி டிசைன் பக்கத்தைத் திறந்தார். புளியங்காய் வந்தது. கூட்ஸ் வண்டி வந்தது. மழைத்துளி வந்தது. கீழே இறக்க இறக்க எல்லாம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்று தன் பிள்ளை வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார், முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. குமுதவல்லிக்கும் கண் கலங்கியது. வேலையில் அழுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறாள், அதனால் குனிந்து ஒயரைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். பிறகு எழுந்து, திறந்த டிசைன்களை அப்படியே இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை இந்திராணி கையில் கொடுத்தாள்.

"பெங்களூர்ல சொல்லிச் சாவியைச் சரி பண்ற வரைக்கும் கடிகாரத்தைத் தொடாதீங்க. பில் போடறதெல்லாம் போன்ல போட்டுக்கோங்க அண்ணா."

"தொடவே மாட்டேன் தாயே," என்று கையெடுத்துக் கும்பிட்டார் ஜெயச்சந்திரன். மூச்சு திரும்பி வந்திருந்தது அவருக்கு. சீனுவுக்குப் போன் போட்டு, சரக்கு வருகிறது, கல்யாணக்காரர்களுக்குக் கூல் டிரிங்க் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள் என்று தெலுங்கில் அதட்டலாகச் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பினார். "இந்திரா, மாங்கா பார்டர் ஏத்திடு. நான் போயி தறியப் பாக்கறேன்."

"மாங்கா வேணாம். புளியங்கா ஏத்தறேன்."

"அதுவா? அதுக்கு நல்ல நாள் பாக்கணும்னு நீதான எடுத்து வெச்சிருந்த?"

"இன்னிக்கே ஓட்டு."

"ஆடிடி," என்றார் அவர். கேலியாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

"தெரியும்." இந்திராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ஈரம் இன்னும் காயவில்லை, குரல் மட்டும் காய்ந்து உறுதியாகிவிட்டிருந்தது. "பத்திரமா வெக்கணும், பத்திரமா வெக்கணும்னு வெச்சித்தான் இன்னிக்கி எல்லாத்தையும் வாரிக் குடுக்கப் பாத்தேன். சேலையில ஏறிட்டா அப்பால எவன் வந்து ஃபார்மட் பண்ணுவான்?"

ஜெயச்சந்திரன் கொட்டகைக்குப் போனார். குமுதவல்லியும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள். முதல் தறி ஒருமுறை கனைத்து ஓட ஆரம்பித்தது, அடுத்தது சேர்ந்துகொண்டது. திருப்பதி பஸ் போய்விடும் என்று கிஷோர் வெளியிலிருந்து கூப்பிட்டான். அவள் போகட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, மெரூன் கரையில் முதல் புளியங்காய் கோணலாக எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.